சீட்டு வாங்கப் போன அப்பா

புளியங்காடு,
உடையார்பாளையம் தாலுகா.
சர்வசித்து வருஷம் சித்திரை 8

அன்புள்ள அண்ணன் தங்கராசுக்கு, தங்கை புஷ்பவல்லி கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறோம். கோபம் எனக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

உன் கடிதத்தை அரியலூர் ரயிலடிக்கு எதிரே மிட்டாய்க்கடை வைத்திருக்கும் கண்ணையன் மாமா கொடுத்தனுப்பினார். இனிமேலும் அவர் பெயருக்கே எழுது. மெட்ராஸ் முத்திரையோடு நம் வீட்டுக்குக் காகிதம் வந்தால், தபால்காரர் அன்றைக்கே ஏட்டய்யாவிடம் போய்ச் சொல்லிவிடுவார்.

நீ சமைக்கிற ஓட்டலுக்குச் சட்டசபை மெம்பர்கள் சாப்பிட வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதில் ஒருவர் உன் வற்றல்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவுகிற இடத்தில் நின்று, நம் சனத்தையே விரல் ரேகை வைக்கச் சொல்கிற ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டால் ஜனங்களின் பயிருக்கும் பெட்டிக்கும் யார் பாதுகாப்பு, இந்தக் கூட்டம் வயிற்றிலேயே களவு கற்றுக்கொண்டு வருகிறது என்று பேசினாராமே! எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நானாக இருந்தால் அடுத்த நாள் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருப்பேன். நீ பொறுமைசாலி, தலையைக் குனிந்துகொண்டு மோர் ஊற்றியிருப்பாய். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் திருடனா என்று சட்டசபையில் எழுந்து நின்று கேட்ட இன்னொரு மெம்பருக்கு என் பங்குக்கு ஒரு கரண்டி நெய் கூட ஊற்று.

பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. போன மாசம் பக்கத்து ஊர் மிராசுதார் பாலசுந்தரத்தின் உழவு மாடு காணவில்லை. நம் தெரு ஆம்பிளைகளை எல்லாம் வரிசையாக வெயிலில் உட்கார வைத்தார்கள். அப்பாவுக்கு முதுகில் இரண்டு அடி. சாயங்காலம் அந்த மாடு ஏரிக்குள்ளே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்து, மாடு கிடைச்சிட்டுதாம்மா என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது.

என் கல்யாணம் வைகாசி 18 என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை சிங்காரவேலு வீட்டிலேயே, சிறுவாச்சூரில். அவர்கள் நம் சனம்தான் என்றாலும் அந்த ஊர் ரேகைப் பட்டியலில் இல்லை. மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பொண்ணோட அண்ணன் வந்து மோதிரம் போடணுங்க, அவரு எங்க இருக்காருன்னே யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே என்றார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உனக்குப் பதினைந்து வயதானபோது, பத்து விரலிலும் மை தடவ வரச் சொல்லி ஆள் வந்த அந்த வாரமே அப்பா உன்னை ரயிலேற்றிவிட்டு, பையன் ஓடிப்போயிட்டான் சாமி என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதை நான் எந்த வாயால் அவர்களிடம் சொல்வேன்? எட்டு வருஷமாகிறது. சட்டம் எப்போது போகும் என்று அந்த மெம்பர்களின் இலை எடுக்கும்போதாவது காதைக் கொடுத்துக் கேட்டு எழுது.

உன் தங்கை,
புஷ்பவல்லி


வைகாசி 4

அன்புள்ள அண்ணா,

உனக்குத் தெரியாததா, இருந்தாலும் நானும் ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்: ரேகைச் சட்டத்தை எடுக்கிற மசோதா சட்டசபையில் நிறைவேறிவிட்டது! கண்ணையன் மாமா பேப்பரைக் கடை வாசலில் நின்று உரக்கப் படித்தாராம். அப்பா அதை அவரிடம் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு வீசை மிட்டாய் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். கடனா என்று கேட்காதே, நான் கேட்கவில்லை.

ஆனால் அன்று இரவும் சாப்பிட்டதும் போர்வையை எடுத்துக்கொண்டு, ரேகை வைத்த ஆம்பிளைகள் ராத்திரி படுத்தே ஆக வேண்டிய சாவடிக்குப் போய்விட்டார். ஏன் அப்பா என்றேன். ஏட்டய்யா வரவேணாம்னு இன்னும் சொல்லலியேம்மா என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நீ வந்துவிடு. பதினேழாம் தேதி அரியலூரில் இறங்கினால் கரி எரித்து ஓடுகிற பஸ் சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் பெரம்பலூர் வரைக்கும் போகிறது. வழியில் மூன்று இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், மெட்ராஸ்காரன் என்று ஒதுங்கி நிற்காதே. உனக்கு மீசை இருக்கிறதா? அம்மா தினமும் கேட்கிறாள். உன்னைப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியுமா என்று பயமாகவும் இருக்கிறது. எனக்குக் கல்யாணத்தில் வேறு எந்த ஆசையும் இல்லை அண்ணா. நீ பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

புஷ்பவல்லி


வைகாசி 11

அண்ணா,

நலம் கேட்டு எழுத எனக்கு இன்று மனசில்லை. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ வராதே.

முந்தாநாள் அப்பா காலையில் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார். வெற்றிலை பாக்கு வாங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். எதற்குத் தெரியுமா? மகள் கல்யாணத்துக்குச் சிறுவாச்சூர் போக மூன்று நாள் அனுமதிச் சீட்டு வாங்க! சட்டம் போயிற்று என்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்த மனுஷன், அதே சட்டத்தின் சீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக் கேட்டுத்தான் வெளியூர் போயிருக்கேன், கேக்காமப் போனா காலு நகர மாட்டேங்குது என்கிறார்.

ஏட்டய்யா வழக்கம்போலப் புத்தகத்தை விரித்து, போகிறவர்கள் யார், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யார் என்று கேட்டிருக்கிறார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிப் பழகின வாய். சம்சாரம், மகள், மெட்ராஸ்லேருந்து மகன் தங்கராசு வரான் சாமி, ஓட்டல்ல வேலை என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் சொன்னேன் என்கிறார். சந்தோஷத்தைப் போய் யாரிடம் சொல்கிறோம் என்றுகூடவா தெரியாது!

ஏட்டய்யா திட்டவில்லை, அடிக்கவில்லை. சட்டசபையில் பேசினா ஆச்சா, மேலேருந்து உத்தரவு வந்தாத்தான் எனக்குக் கணக்கு, அதுவரைக்கும் புஸ்தகம் புஸ்தகம்தான் பிச்சைமுத்து என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார். பையன் கல்யாணத்துக்கு வரட்டும், பத்து விரலை வச்சிட்டுப் போவட்டும், பெரம்பலூர் ஸ்டேஷனுக்கும் எழுதிப் போட்டுடறேன் என்று சொல்லி, உன் பெயரைப் புத்தகத்தில் எழுதியேவிட்டார். எந்த ஓட்டல் என்று கேட்டபோதுதான் அப்பாவுக்கு உறைத்திருக்கிறது. பேரு தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு, சீட்டைக்கூட வாங்காமல் வந்துவிட்டார்.

உத்தரவு நாளைக்கே வரலாம், ஆடியில் வரலாம் என்கிறார் கண்ணையன் மாமா. கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிட்டால் என்ன என்று அம்மா ஆசைப்படுகிறாள். நான் ஆசைப்படத் தயாரில்லை. வழக்கமாகத் திருடுகிறவர்களை அடக்க வேறு புதுச் சட்டம் வேண்டும் என்று அந்த வற்றல்குழம்பு மெம்பர் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நீதானே எழுதினாய்? அதற்குப் பெயர்களை எங்கிருந்து எடுப்பார்கள்? இந்தப் புத்தகத்திலிருந்துதானே. வெறும் பெயர் என்றால் அந்த ஆள் நானில்லை என்று சொல்லலாம். ரேகை இருந்தால் என்ன சொல்வாய்? போலீஸ் வந்து அடுப்படியில் உன்னை விசாரித்தால் முதலாளி மறுநாள் உன் கையில் கரண்டியைக் கொடுப்பாரா?

மோதிரத்துக்குச் சித்தப்பா மகன் பாவாடை வருகிறான். மாமியார் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஊர் ஆயிரம் பேசும், பேசட்டும். ஏட்டய்யா பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்து உனக்காகக் காத்திருந்து பாயசம் குடித்துவிட்டுப் போகட்டும். நான் அழ மாட்டேன் என்று எழுத நினைத்தேன். பொய் எழுதுவானேன், அழுவேன். அழாத பெண்ணைத்தான் சிறுவாச்சூரில் சந்தேகப்படுவார்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு நீ செய்கிற சீராக இதைச் செய். அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நாக்கை அறுத்துக்கிடலாம்னு இருக்கு என்று அம்மாவிடம் சொன்னாராம். நான் இதையெல்லாம் உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. நீயாகவே அவருக்குத் தனிக் கடிதம் போடு. சட்டசபை நடப்பதால் ஓட்டலில் கூட்டம், முதலாளி லீவு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன் என்று எழுது. முதலாளியை நன்றாகத் திட்டி எழுது. அப்பாவும் சேர்ந்து திட்டட்டும், அவருக்கு அது நல்லது.

ஏட்டய்யா பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பரவாயில்லை அப்பா என்றும் எழுதிவிடாதே. அவர் கண்ணையன் மாமாவை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்பார், உனக்கு எல்லாம் தெரியும் என்று கண்டுகொள்வார். மன்னிப்பதற்கு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுது அண்ணா.

உன் ஆசீர்வாதத்தைக் கேட்டு நிற்கும்,
புஷ்பவல்லி