சந்தனப் பொட்டு வைத்த ஆயில் மூடி

நவம்பர் 10
மழை விட்டிருக்கிறது. மைதானத்தில் புல் முழங்கால் உயரம். பந்து உள்ளே போனால் தேடித்தான் எடுக்க வேண்டும். 22ஆம் தேதி பக்கத்து ஊர்ப் பள்ளியோடு எங்கள் பள்ளிப் பெண்களுக்குக் கால்பந்து அரையிறுதி. மைதானம் தயாராகாவிட்டால் ஆட்டத்தை அரக்கோணத்துக்கு மாற்றிவிடுவார்களாம். ரயில் ஏறினால் வந்துவிடுகிற ஊர்தான். ஆனால் வீட்டில் விடமாட்டார்களே! கோல்கீப்பர் தமிழ்செல்வியின் அம்மா கன்னியம்மாள் போன வருஷமே சொல்லிவிட்டாள்: "திருத்தணியில எங்க வேணா ஆடட்டும் டீச்சர். ஊரத் தாண்டி அனுப்ப மாட்டேன்."

நாளைக்குப் புல் வெட்டும் மெஷினை இறக்க வேண்டும்.

நவம்பர் 11
ஒரு பட்டை வெட்டியது. கடகடவென்று சத்தம். அப்படியே நின்றுவிட்டது. வாட்ச்மேன் டில்லிபாபுதான் மெஷினை ஓட்டுவது. பெட்ரோல் கெட்டுப்போச்சு என்றார், மாற்றினோம். பிளக் என்றார், கழற்றித் தேய்த்து மாட்டினேன். ம்ஹூம். ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் வரவே மாட்டேன் என்கிறது. புடவையெல்லாம் கரி. சனியன்.

நவம்பர் 12
பாவாவுக்குப் போன் போட்டேன். அக்கா வீட்டுக்காரர், ரயில்வேயில் இன்ஜின் வேலை. "கயிறே வரலன்னா உள்ள பிஸ்டன் பிடிச்சிகினு இருக்குது விஜி. ஆயில் பாத்தியா?"

போய்ப் பார்த்தால் ஆயில் மூடி மேல் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். கல்லாட்டம் காய்ந்து கிடக்கிறது. சுற்றி மஞ்சள் கயிறு வேறு, முடிச்சு மேல் முடிச்சு. டில்லிபாபுவைக் கூப்பிட்டேன்.

"பூஜைக்கு அப்புறம் திறந்தே பாக்கலையா?"

"சாமி பொட்ட எப்படி மேடம் அழிக்கறது? அதுவா உதிரட்டும்னு வுட்டுட்டேன்."

அதுவா உதிரட்டும்! அதுக்கப்புறம் எத்தனை தடவை ஓட்டியாச்சு! மூடியோடு வருகிற அளவுக் குச்சியில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. எலுமிச்சம்பழம் நசுக்கத் தெரியுது, சூடம் காட்டத் தெரியுது, ஆயில் ஊத்தத் தெரியல. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளை... வேணாம்.

நவம்பர் 13
பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ஆயில் ஊற்றியிருக்கிறேன். ஊறட்டும் என்றார் பாவா. எச்.எம். மேடம் வந்து பார்த்தார். "புதுசு கேட்டு எழுதிப் போடலாம் விஜி." போடலாம். அது வந்து சேர்றதுக்குள்ள இந்தப் பிள்ளைங்களுக்குக் கல்யாணமே ஆயிடும்.

நவம்பர் 14
குழந்தைகள் தின மிட்டாய் கொடுத்தார்கள். மெஷின் அசையல.

நவம்பர் 15
அசையல. சுத்தியலால ரெண்டு போடலாமா? எடுத்தே விட்டேன். "உள்ளதும் உடையும், கீழ வை!" பாவா போனிலேயே கத்தினார். வெச்சுட்டேன்.

தமிழ்செல்வி வந்து, "அரக்கோணம்னு ஆயிட்டா கல்பனாவ கோல்ல நிறுத்துங்க டீச்சர். அவளுக்கும் வரும்," என்றாள். அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. தண்ணி குடிச்சிட்டு வரேன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறா.

நவம்பர் 17
அசைஞ்சிடுச்சு!! கைக்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பிளேடை நான் ஒரு பக்கம், டில்லிபாபு ஒரு பக்கம், இப்படியும் அப்படியுமாக நெம்பினோம். ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்புறம் பாதி. அப்புறம் முழுசாகச் சுற்றிவிட்டது. அடியில் மிச்சமிருந்த பழைய கசடை வடித்தால் ஜிகினாத் தூள் மாதிரி இரும்பு மின்னுகிறது. உள்ளே நன்றாகவே தேய்ந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றி, பிளக் மாட்டிக் கயிற்றை இழுத்தேன். புகை, புகை, பள்ளிக்கூடமே மறைகிற அளவுக்குப் புகை. அப்புறம் இருமிக்கொண்டே ஓடியது.

"இந்த மைதானம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ஆசப்படாத," என்றார் பாவா. இது போதும் பாவா, இது போதும்.

நவம்பர் 19
கொஞ்சம் வெட்டு, நிறுத்து, ஆறவிடு, ஆயில் பார். ஒவ்வொரு தடவையும் டில்லிபாபு குச்சியைத் துடைத்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். நான் முறைக்கிறேன்.

மெஷின் போகாத ஓரத்துப் புல்லைக் கன்னியம்மாள் மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தாள். "ஜெயிச்சா அடுத்த ஆட்டம் எங்க டீச்சர்?"

அரக்கோணம் என்றேன். புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜெயிச்சாலும் அங்கதான் போய் முட்டுது. இது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே இத்தனை நாளா இந்த இரும்போட மல்லுக்கட்டறேன்? பைத்தியமா நான்?

நவம்பர் 22
ஒன்று பூஜ்யம். ஜெயிச்சிட்டோம்! கடைசியில் வந்த பெனால்டியைத் தமிழ்செல்வி பாய்ந்து தடுத்தாள். புல் அறுக்க வந்த கன்னியம்மாள் அறுக்கவே இல்லை. ஆட்டம் முடிகிற வரை கோல் பக்கத்திலேயே கையில் அரிவாளோடு நின்றிருந்தாள். பெனால்டி அடித்த பெண் அதைப் பார்த்தே பயந்திருப்பாள். ஆட்டம் முடிந்ததும் கன்னியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அரக்கோணத்துக்கு அனுப்புவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டு, "இல்ல"ன்னு சொல்லிட்டா?

நவம்பர் 24
டில்லிபாபு மெஷினைத் துடைத்து ஷெட்டில் விட்டிருக்கிறார். பொட்டு இப்போது கைப்பிடியில்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கன்னியம்மாள். இனி புல் இல்லையே என்றேன்.

"புல்லுக்கு வரல டீச்சர். அரக்கோணத்துக்கு எந்த ரயில்ல போறீங்க? நானும் வரேன். ஒரு நாளு பால அவரு கறக்கட்டும்."