நாற்பது சென்டிமீட்டரில் நாற்பத்தொன்பதரை

ஜனவரி 6

அருமை அண்ணாவுக்கு,

உன் ஒரே தங்கை, ஓயாத தொல்லை எழுதுவது. தேர்வு முடியும்வரை அம்மா என் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதனால் தபால்காரருக்கு வேலை கொடுக்கிறேன்.

நல்ல செய்தி: குறுக்கீட்டு விளைவு எனக்குப் புரிந்துவிட்டது. பள்ளி வராந்தாவின் இரண்டு முனையிலும் ஒலிபெருக்கி இருக்கிறதல்லவா? இப்போது மணிக்குப் பதில் அதில் ஒரே சுருதியில் 'ஊஊ' என்று சங்கு. நடுவே நடந்தால் ஓரிடத்தில் காது கிழிகிறது. ஒரு சாண் தள்ளினால் சத்தம் செத்துவிடுகிறது. ஒரு அலையின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் அங்கே சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அந்த இடத்தில் சாக்பீஸ் வட்டம் போட்டு நின்றுகொண்டு, "மணி அடிச்சதே கேக்கலை சார்" என்றேன். முட்டி போட வைத்தார்கள். அறிவியலுக்கு மரியாதையே இல்லை.

கெட்ட செய்தி: ஒத்ததிர்வு. ஆய்வகத்துக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தாலே குமட்டுகிறது. தண்ணீரில் பாசி, பாசியில் கொசுப்புழு. உடைந்த விளிம்பைச் சுற்றிய பிளாஸ்திரியில் எத்தனை பேர் கை அழுக்கோ. மூக்கைப் பிடித்துக்கொண்டு, இசைக்கவையைத் தட்டி மேலே வைத்து நீர்மட்டத்தை இறக்கினேன். பதினாறு சென்டிமீட்டரில் குழாய் 'ம்ம்ம்' என்று பாடியது. இன்னும் கீழே அது மறுபடி பாட வேண்டிய இரண்டாவது இடம் கிடைக்கவே இல்லை. எப்படிக் கிடைக்கும்? குழாயே நாற்பது சென்டிமீட்டர்தான்! ஆனால் வகுப்பில் எல்லார் நோட்டிலும் இரண்டாவது இடம் 49.5. கேட்டால், "மாதிரி நோட்டைப் பாத்து எழுதுடி" என்கிறார்கள். அந்த நோட்டிலும் ஒரு கொசு நசுங்கிக் கிடக்கிறது. 'கிடைக்கவில்லை' என்று எழுதினேன். கொட்டாவி சார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. 24ஆம் தேதி, வெள்ளிக்கிழமை கடைசி.

உனக்கும் அவர்தானே இயற்பியல் எடுத்தார்? நீ எப்படி அளந்தாய்?

வாலு


ஜனவரி 11

வாலுக்குட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "உடம்பு சரியில்லையா தம்பி?" என்றார்.

ஒத்ததிர்வு இவ்வளவுதான்: இசைக்கவையின் அலை கீழே போய்த் தண்ணீரில் முட்டித் திரும்புகிறது. திரும்பி வருவதும் கவையின் அடுத்த தள்ளலும் சரியான நேரத்தில் சேர்ந்துகொண்டால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். முன்பின் ஆனால் ஒன்றையொன்று கெடுக்கும். குழாயில் தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றுத் தம்பம் அலைநீளத்தில் கால் பங்கானால் முதல் இடம், முக்கால் பங்கானால் இரண்டாவது. இரண்டுக்கும் இடையில் அரை அலை. அதை இரட்டித்து அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒலியின் வேகம்.

49.5ஐ எழுதிவிட்டுப் போயேன். எல்லாரும் செய்வதுதானே. வேளைக்குச் சாப்பிடு. அம்மாவிடம் வாயாடாதே.

அன்புள்ள அண்ணா


ஜனவரி 15

அண்ணா,

விளக்கம் பிரமாதம். நான் கேட்ட கேள்விக்குத்தான் பதிலைக் காணோம்.

மாதிரி நோட்டை மறுபடி வாங்கினேன், கர்சீப்பால் பிடித்துக்கொண்டு. பெயர் இருந்த பக்கம் கிழிந்திருக்கிறது. ஆனால் ஒன்பதுக்கு இப்படி வாலைச் சுருட்டுகிற ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். சின்ன வயதில் நீ எனக்கு எழுதித் தந்த வாய்ப்பாட்டோடு ஒப்பிட்டும் பார்த்துவிட்டேன்.

ஆறு வருடமாக ஒரு பள்ளிக்கூடமே உன் பொய்யைப் பார்த்து எழுதுகிறது. ஈயடிச்சான் காப்பி என்பார்கள். இது கொசுவடிச்சான் காப்பி. யாரோ மென்று துப்பிய சூயிங்கத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி உமட்டுகிறது. இதற்குப் பெயர் ஒத்ததிர்வு இல்லை, ஒத்து ஊதுவது.

சாருக்கு இரண்டே வரி எழுது: குழாய் குட்டை, 49.5 பொய். நான் சொன்னால், "இதுவும் உன் சேட்டைதானே?" என்கிறார். நீ சொன்னால் நம்புவார். வெள்ளிக்கிழமைக்குள், ப்ளீஸ் அண்ணா.

வாலு


ஜனவரி 20

வாலு,

குழாயை உடைத்ததே நான்தான். கழுவும்போது நழுவிவிட்டது. உடைந்த துண்டைப் பையில் ஒளித்து எடுத்துப்போய் எறிந்தேன். பிளாஸ்திரி சுற்றியதும் நான்தான். அளக்க வழியில்லை, ஒலியின் வேகம் எவ்வளவு வரவேண்டும் என்று தெரியும், பின்பக்கமாகக் கணக்குப் போட்டு எண்ணை எழுதினேன். அந்த நோட்டுக்கு அந்த வருடம் பரிசு வேறு கொடுத்துவிட்டார்கள்.

இப்போது போய் எழுதினால் சார் என்ன நினைப்பார்? அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்காதே. உனக்கு நல்ல ஹெட்போன் ஒன்று அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

அண்ணா


பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

ஹெட்போன் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை உன் கடிதத்தோடு சார் அறை வாசல்வரை போனேன். நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கை வரவில்லை. திரும்பி வந்து அதே கையால் 49.5 எழுதினேன். கொட்டாவி சார் எண்ணைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, "இப்பதான் உருப்படியா பண்ணியிருக்கே" என்றார். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

செய்முறைத் தேர்விலும் அந்தச் சோதனைதான் வந்தது. அங்கேயும் அதே 49.5, முழு மதிப்பெண். என் நோட்டு பளிச்சென்று இருக்கிறதாம். சார் கொசு நோட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, என்னுடையதை மாதிரி நோட்டாக வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கன்னத்தைக் கிள்ளி, "அப்படியே உங்கண்ணனை உரிச்சு வச்சிருக்கேடி!" என்றாள்.

நானும் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியவள். இவ்வளவு கேவலமாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

உன் தங்கை