யாரும் கடிக்காத பிஸ்கட்

சித்தி,

சீயக்காய் போட்டுத் தேய்த்தும் கையிலிருந்து வனஸ்பதி வாசனை போகவில்லை. நேற்று உங்களுடைய பதினாறாம் நாள் காரியம். படையலில் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டுமாம். அதிரசம், முறுக்கு எல்லாம் சேர்ந்த பிறகு அம்மா என்னிடம் வந்து, "ஒன் சித்திக்கு அந்த மூஞ்சி பிஸ்கட்டுன்னா உசுருல்லா. ஒரு பத்து செஞ்சு வைட்டி" என்றாள். செய்தேன், இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக. வெள்ளைப் பசை தடவி, திராட்சைக் கண் வைத்து, வாயை மட்டும் வைக்காமல் விட்டேன்.

"வாய் எங்கட்டி?" என்று அம்மா கேட்டாள்.

"சித்திதான் வாயைத் தொறக்கவே மாட்டாகளே" என்றேன்.

அம்மா அதைத் துக்கத்தில் வந்த பேச்சு என்று எடுத்துக்கொண்டு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அது துக்கமில்லை, திட்டு. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

உங்களைப் பற்றி நல்லதையும் எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு பத்தி, அதற்கு மேல் கேட்காதீர்கள். கடையில் விற்கிற வட்ட பிஸ்கட், பொடித்துத் துணியில் சலித்த சீனி, வனஸ்பதி. இவ்வளவுதான் உங்கள் சரக்கு. அடுப்பைப் பற்ற வைக்கவே வேண்டாம். நீங்கள் பசையைக் குழைப்பீர்கள், நான் முகம் போடுவேன். மளிகைக் கடைப் பொட்டலம் போலத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, முனையைக் கத்தரித்து, பசையைப் பிதுக்கினால் சுருட்டை முடி வரும் என்று காட்டியது நீங்கள்தான். சித்திரை வெயிலில் பசை இளகி மூக்கு வாயில் வந்து உட்காரும். தண்ணீர்ப் பானை இருக்கிற ஈரமணலில் தட்டுகளைப் பதித்து வைத்தால் முகம் முகமாகவே நிற்கும் என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். கெட்டிக்காரிதான். பத்தி முடிந்தது.

சங்கரன்கோவிலில் வசதியான எந்த வீட்டில் பிள்ளைக்குப் பிறந்த நாள் என்றாலும் "பிஸ்கட் அக்கா வந்தாச்சா?" என்றுதான் கேட்டார்கள். அந்த அக்கா நீங்கள். நான் தட்டுத் தூக்குகிறவள். பூனையும் ஆந்தையும் கோமாளியும் போட்ட கை என்னுடையது, வாங்கிய பேர் உங்களுடையது. அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. எனக்கு அதில் வேறு வரும்படி இருந்தது. தட்டுக்கு ஒரு பிஸ்கட்டில் சீனிப் பசைக்கு அடியில் உப்பு வைப்பேன். அது யார் வாய்க்குப் போகிறது என்பது அவரவர் ஜாதகம். ஒரு தடவை புது மாப்பிள்ளை ஒருவருக்குப் போயிற்று. மாமியார் பக்கத்தில் நின்றதால் அவர் சிரித்துக்கொண்டே முழுங்கினார். அன்றைக்கு நீங்களும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினீர்கள். உங்கள் முகத்தை நம்பிய காலம் அது.

எங்கள் எதிர்வீட்டு நூல் கடைக்காரர் மகன் கண்ணனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவன் அம்மா செல்வி அக்கா சோறு ஊட்டவே என்னைத்தான் கூப்பிடுவாள். நான் ஒரு கண்ணை மூடி மூக்கைச் சுளித்தால்தான் அவன் வாயைத் திறப்பான். "ஏக்கா, இன்னொருக்க" என்பான். என் சேட்டைக்கு இந்த ஊரில் திட்டு கொடுக்காமல் சிரிப்புக் கொடுத்த ஒரே ஆள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. எனக்குப் பிள்ளை, தம்பி, கூட்டாளி எல்லாம் அந்த மூன்று வயசுக்காரன்தான்.

அவனுடைய மூன்றாவது பிறந்த நாளுக்கு நான் கோமாளி போடலாம் என்றேன். கேசரிப் பொடியில் சிவப்பு மூக்கு, தேங்காய்ப் பூவில் தாடி என்று திட்டம்கூடச் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"கோமாளியும் வேண்டாம், கொரங்கும் வேண்டாம். கண்ணன் மூஞ்சியே போடு. முப்பதும் கண்ணன். செல்வி பாத்து அசந்து போயிருவா."

"திங்கதுக்கு எல்லாரும் யோசிப்பாகளே சித்தி?"

"நீ ஏட்டி யோசிக்க? போடச் சொன்னாப் போடு."

போட்டேன். வறுத்த சேமியாவில் முன்நெற்றிச் சுருள், பாதி முந்திரியில் மூக்கு, பாகு காய்ச்சிக் கருக்கவிட்ட வெல்லத்தால் இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. சொல்லக் கூடாது, அவ்வளவு அச்சாக வந்திருந்தது. அந்தத் தட்டில் நான் உப்புகூட வைக்கவில்லை. கண்ணனாயிற்றே.

தட்டு வெளியே வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். செல்வி அக்கா அசந்துதான் போனாள். "யாரு யோசனை அக்கா இது?" என்றாள். நீங்கள் தலையைச் சாய்த்துச் சிரித்தீர்கள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுப் பயல் ஒருவன் ஒரு பிஸ்கட்டை எடுத்து நெற்றியோடு கடித்துவிட்டு, "கண்ணன் தலையத் தின்னுட்டேன்!" என்று கூவினான்.

கைதட்டியவர்கள் கையைக் கீழே போட்டார்கள். ராயகிரியிலிருந்து வந்திருந்த கண்ணனின் அத்தைதான் எழுந்தாள்.

"பொறந்த நாளும் அதுவுமா பிள்ள தலையக் கடிக்கதா? நெத்தியில முடி வச்சு, கன்னத்துல பொட்டு வச்சு, பெறகு அதையே பல்லுல போட்டு அரைக்கதா? எந்தப் புண்ணியவாட்டி செஞ்ச வேல இது?"

முப்பது பேர் வீட்டுக்குள் நின்றோம். உண்மை தெரிந்தவர்கள் நீங்களும் நானும். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் கோமாளி போடத்தான்மா சொன்னேன். இந்தக் குட்டிதான் வெளையாட்டுத்தனமா இப்பிடிப் பண்ணிட்டா. உப்பு வைக்க கழுததான, ஒங்களுக்குத் தெரியாதா?"

கோமாளி என் யோசனை, அதையும் எடுத்துக்கொண்டீர்கள். கண்ணன் முகம் உங்கள் யோசனை. அதை என் தலையில் வைத்தீர்கள். கிரீம் பிஸ்கட் என்றால் உங்களைப் போல இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் வழுவழு, எந்தப் பக்கம் முகம் என்றே தெரியாது. நான் "இல்லை" என்று கத்தினேன். யார் நம்புவார்கள்? உப்பு முழுங்கிய மாப்பிள்ளையும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். அவர் அப்போதுதான் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையாட்டினார். என் பழைய சேட்டைகள் அத்தனையும் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரிசையில் நின்றன. அந்தப் பங்கு என்னுடையதுதான், மறுக்கவில்லை.

மீதி இருபத்தொன்பது பிஸ்கட்டை என்ன செய்வது என்று அடுத்த பஞ்சாயத்து. தின்னக் கூடாது. பிள்ளை முகம், குப்பையில் போடக் கூடாது. மாட்டுக்கு வைத்தால் மாடும் பல்லால்தானே தின்னும்? கடைசியில் வாளித் தண்ணீரில் கரைத்துத் தென்னை மூட்டில் ஊற்றச் சொன்னாள் அத்தை. கரைக்கிற வேலை எனக்கு. நீங்கள் உள்ளே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். முதலில் சுருள் முடி மிதந்து வந்தது. பிறகு கண்கள். கன்னத்துப் பொட்டு கரைய நேரமாயிற்று. கண்ணன் பின்வாசலில் நின்று, "ஏக்கா, என்னைய ஏன் முக்குதே?" என்று கேட்டான். அவன் அத்தை வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நாள் அவனுக்கு அம்மை போட்டது. அந்தப் பங்குனியில் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மை. ஆனால் கண்ணனுக்கு மட்டும் காரணம் நான். எதிர்வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. வேப்பிலையை எடுத்த பிறகும் எனக்குக் கதவு திறக்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்து கெஞ்சினேன்? "சொல்லுதேன்ட்டி, நேரம் பாத்துச் சொல்லுதேன்" என்பீர்கள். ஒரு நாள் மட்டும் மனசில் இருந்ததை அப்படியே கொட்டினீர்கள். "ஒன் கணக்குல இன்னொரு குறும்பு ஏறுனா ஒனக்கு என்னட்டி கொறையுது? எனக்குப் பேரு போனாத் திரும்ப வருமா?"

இரண்டு வருஷம் நேரம் பார்த்தீர்கள். போன மாசம் மார்வலி என்று படுத்தீர்கள். அப்போதும் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டேன். நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள். கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எல்லோரும் நான் அழுதுகொண்டே வெளியே வந்ததைப் பார்த்து, "சித்தி மேல எம்புட்டுப் பாசம்" என்றார்கள். அந்தப் பேரும் உங்களுக்கே.

நேற்று செல்வி அக்கா படையலுக்கு வந்திருந்தாள், கண்ணனையும் கூட்டிக்கொண்டு. ஐந்து வயசு ஆகிவிட்டது அவனுக்கு. முன்பல் ஒன்று இல்லை. சாப்பாட்டுப் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் செல்வி அக்காவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். யார் முகம் போடச் சொன்னது, யார் கோமாளி வேண்டாம் என்றது, எல்லாம். அவள் முழுதாகக் கேட்டாள். பிறகு கையை உதறிக்கொண்டே, "அன்னைக்குப் பிள்ள தல. இன்னைக்குச் செத்தவுக தலையா? போனவுக வந்து இல்லன்னு சொல்ல முடியாதுன்னுதான இந்தத் தைரியம்?" என்றாள்.

போனவர்களைக் குறை சொல்லக் கூடாதாம். இந்தச் சட்டத்தை யார் போட்டாரோ, உங்களுக்குச் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும். உயிரோடு இருந்து சொன்ன பொய்யைச் செத்துப்போய்க் காப்பாற்றிக்கொண்டீர்கள். நடந்தது தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான்.

கண்ணன் அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்தான். படையல் தட்டிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து நீட்டினேன். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். யாரும் அப்போது அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு கண்ணை மூடி மூக்கைச் சுளித்துக் காட்டினேன். அவன் உதடு ஓரத்தில் கொஞ்சம் ஆடியது. கை மட்டும் வரவில்லை.

"உங்களை மன்னித்துவிட்டேன்" என்று எழுதி முடித்தால் மடல் லட்சணமாக இருக்கும். முடிக்கப் போவதில்லை. நாளைக் காலையில் செல்வி அக்கா வாசல் தெளிக்க வரும்போது மறுபடி சொல்லுவேன். விளக்குமாற்றை எடுத்தால் தள்ளி நின்று சொல்லுவேன். கண்ணன் கையை முன்னால் கொண்டுவருகிற வரைக்கும் உங்களை நான் சும்மா விடுவதாக இல்லை, சித்தி.