கழுதைக்கு அடியில் ஒரு கையெழுத்து

திருப்பூர்
12.3.2004

அன்புள்ள சித்ராக்காவுக்கு,

தரணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. நீங்கள் பிரான்சுக்குப் போன பிறகு எழுதும் முதல் கடிதமே காரியக் கடிதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகள் பனியனுக்கு ஒரு ஆர்டர். குடை பிடித்த கழுதைப் படம். பெட்டி கட்டும்போது, சரக்கு வாங்கும் பையர் கம்பெனியின் ஆள் வந்து, படம் வரைந்த எத்தியேனின் கையெழுத்து எங்கே என்றார். உங்கள் வீட்டுக்காரர், நம் மாமாவேதான்! அச்சடிக்கும் பிலிமில் கழுதைக்கு அடியில் ஏதோ கிறுக்கலாக இருந்ததாம். அழுக்கென்று நினைத்து குருசாமி பிளேடால் சுரண்டிவிட்டான்.

"பரவாயில்லை" என்று மாமா ஒரு வரி எழுதித் தந்தால் போதும். இல்லையென்றால் சரக்கு நின்றுவிடும். வீட்டு ஆள்தானே, கேட்டுச் சொல்லுங்கள்.

தம்பி,
தரணீதரன்

லியோன்
24.3.2004

தரணி கண்ணு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமாவிடம் கேட்டேன், அவர் மறுத்துவிட்டார்.

அப்பா இன்னும் அவரை "படம் போடறவன்" என்றுதான் சொல்கிறாராமே. அவர் கதையை நீங்கள் யாரும் கேட்டதில்லை. இப்போது கேள்.

பத்தொன்பது வயதில் ஒரு சிறுவர் பத்திரிகையில் சேர்ந்தார். கழுதை அவருடையது. வாராவாரம் வரைந்ததும் அவர்தான். அச்சில் வந்தது முதலாளி பெயர். நம் காட்டில் விளைந்த மஞ்சளை வேறொருவன் தன்னுடையது என்று சந்தையில் விற்றால் அப்பா விடுவாரா? மாமாவுடைய அம்மா அக்கம்பக்கத்தில் "என் மகன் வரைந்தது" என்று காட்டினால், வேறு பெயர் இருக்கிறதே என்று சிரிப்பார்களாம். அந்த வேலையை விட்டு, ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டே வழக்காடி, கழுதையை மீட்டார். அதற்குள் அந்த அம்மா இறந்துவிட்டார்.

"வீட்டு ஆள் என்றால் பெயர் வேண்டாமா?" என்று கேட்டார்.

கையெழுத்தை மட்டும் தனியாக அடிக்கலாமாமே? புதிதாக எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறார். கப்பல் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி பையரிடம் அவரே பேசிவிட்டார்.

அக்கா,
சித்ராதேவி

திருப்பூர்
9.4.2004

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு பனியனிலும் மாமா கையெழுத்தை அடித்தோம். "பள்ளிக்கூடத்துல இம்போசிஷன் எழுதுன மாதிரி இருக்குதுங்க" என்றான் குருசாமி. எனக்கும் அது வேண்டியதுதான்.

நேற்று நம் ஊர் குண்டடத்திலிருந்து அப்பா வந்தார். ஒரு பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அது யார் பெயர் என்றார். அக்கா வீட்டுக்காரர் பெயர் என்றேன். அவருடைய அம்மா, மஞ்சள், வழக்கு எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றார்.

"எப்படிடா படிக்கறது?"

சொன்னேன். இரண்டு மூன்று தரம் முயன்று பார்த்தார், நாக்கு வளையவில்லை.

"நான் மாப்பிள்ளைன்னே சொல்லிக்கறேன்" என்றார்.

மாமாவிடம் சொல்லுங்கள்.

தரணி