யாரும் ஊதாத விசில்

அன்புள்ள அப்பா,

போனில் கூப்பிடும்போதெல்லாம் அம்மா, "அப்பா கராஜ்ல இருக்காருப்பா" என்கிறாள். அங்கே அப்படி என்னதான் வேலையோ! அதனால்தான் எழுதுகிறேன்.

கூடைப்பந்தே உயிராக இருக்கும் இண்டியானாவில் பிறந்துவிட்டு அதை விடுவது குடும்பத்துக்கே அவமானம் என்பீர்கள். இந்த உயரம் போதாது, இனி எந்த அணியும் உன்னை எடுக்காது என்று கூடைப்பந்து கோச்சே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் இதே உயரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

எதிரே வருகிறவனை இடித்துத் தள்ளுவதுதான் இங்கே என் வேலை. ஆனால் யாராவது மோதினால் என் இரண்டு கைகளும் தானாக மேலே போய்விடுகின்றன. "கையத் தூக்கிக் காட்டுடா, நீ தொடலேன்னு ரெஃபரிக்குத் தெரியணும்" என்று, ஊர்ப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கெல்லாம் ரெஃபரியாக விசில் ஊதும் நீங்கள் திட்டித் திட்டிப் பழக்கியது. ஃபுட்பால் கோச் ப்ரூபேக்கர் மைதானம் அதிரக் கத்துகிறார்: "ஏன்டா, உன்கிட்ட யாராவது கொள்ளையடிக்கிறாங்களா? கைய இறக்குடா!" இப்போது என்னைக் கண்டாலே பையன்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எரிச்சலாக வருகிறது.

சனிக்கிழமை ஆட்டத்தில் என் கை மேலே போகவில்லை. ஒருவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளி மல்லாத்தினேன். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. நான் மட்டும் கூடைப்பந்தைப் போல ஃபவுல் விசில் வரும் என்று அப்படியே நின்றேன். யாரும் ஊதவில்லை.

உங்களுக்காகப் பிடித்து வைத்த இருக்கை கடைசிவரை காலியாகவே இருந்தது. நீங்களாவது வந்து ஊதித் தொலைத்திருக்கலாமே, அப்பா.

உங்கள் மகன்