இருசம்மாள் பேரில் எழுதிய வருமானம்

முதுநகர், கடலூர்
14-11-1967

மகள் அமலோற்பவத்துக்கு அப்பா எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம்தான், அங்கே நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொள்கிறோம். நாக்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது அம்மா பின்னி அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொள். அம்மாவுக்கு மழையில் முழங்கால் வலி ஜாஸ்தியாகிவிட்டது, ஆனாலும் பூசைக்கு நடந்துதான் போகிறாள். நாலு மாதமாக நான் சரியாகக் கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொண்டாய். எழுதக் கை வரவில்லையம்மா. பண்ருட்டி முந்திரி மண்டியில் கணக்குப்பிள்ளை வேலை எனக்கு இப்போது இல்லை. என்ன நடந்தது என்பதை ஊரார் மூலமாக நீ கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் மார்ச்சு மாதத்துக்குள், மறைத்து வைத்த வருமானத்தைத் தானாகவே எழுதிக் கொடுத்து வருமான வரி கட்டிவிடலாம் என்று சர்க்கார் ஒரு சலுகை கொடுத்திருந்தது. எங்கள் முதலாளி சபாபதியிடம் கணக்கில் வராத பணம் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. அவர் சிதம்பரத்தில் யாரோ ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாவற்றையும் ஒரே பேரில் காட்டினால் வரி வீதம் ஏறிவிடும், ஐந்து பேரில் பிரித்துக் காட்டினால் பாதிகூட ஆகாது என்றார். மனைவி, மைத்துனன், இன்னும் இரண்டு சொந்தக்காரர்கள் என்று நாலு பேர் சொன்னார். ஐந்தாவதற்குக் கொட்டகையில் முந்திரி உடைக்கிற இருசம்மாள் பேரை எழுதச் சொன்னார். அவள் விதவை, புருஷன் விட்டுப்போன முப்பது சென்ட் நிலமும் குடிசையும் உண்டு, வந்து கேள்வி கேட்க ஆள் கிடையாது. எழுதினவன் நான். இருபத்திரண்டாயிரம் ரூபாய் அவள் சொந்த வியாபாரத்தில் சம்பாதித்தது என்று என் கையால் எழுதினேன். அவளுடைய ஒரு நாள் கூலி ஒன்றேகால் ரூபாய். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் தோல் வெந்து கிடந்தது, ரேகை விழவில்லை, மூன்று தரம் பிடித்து அழுத்தினேன். இது என்ன காகிதம் என்று கேட்டாள். முதலாளி சொல்கிறார், வை என்றேன். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை.

வரியைத் தவணையாகக் கட்ட ஏற்பாடு. மற்ற நாலு பேருக்கும் முதலாளி ஒழுங்காகக் கட்டினார், இருசம்மாள் பேருக்கு முதல் தவணையோடு நிறுத்திவிட்டார். இந்த ஜூன் மாதம் அவளுக்கு நோட்டீசு வந்தது. படித்தவர் என்று நம்பி அதை என்னிடமே கொண்டுவந்தாள். ஒன்றுமில்லை போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி மேசைக்குள் போட்டேன். பிறகு முதலாளியிடம் கேட்டேன், கேட்கவில்லை என்று இல்லை. அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "அவ நெலம் போனா வேற எடத்துல ஒரு குடிச போட்டுத் தரேன். நீங்க வாயத் தொறந்தா எழுதுன கைக்குத்தான் வெலங்கு" என்றார். நான் பயந்துவிட்டேன் அமலு. உன் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். இரண்டு மாதம் ஒன்றுமே நடக்காததுபோல் பஸ் ஏறி மண்டிக்குப் போய் வந்தேன். ஆகஸ்டில் தண்டோரா போட்டு அவள் நிலத்தை ஜப்தி செய்தார்கள். கூட வேலை செய்த பெண்களே அவளை லட்சாதிபதி என்று கூப்பிட்டார்கள், முதலாளி பணத்தைத் திருடிப் புதைத்து வைத்திருக்கிறாள் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. அவள் கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டுச் சிதம்பரத்தில் மகள் செல்லாயியிடம் போய்விட்டாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே சிதம்பரம் போனேன். செல்லாயி ஒரு ரைஸ்மில்லில் நெல் காயவைக்கிற வேலை செய்கிறாள், மில் சுவரை ஒட்டிய சார்ப்பில்தான் குடியிருப்பு. இருசம்மாள் கோணியில் படுத்திருந்தாள். பத்து நாளாகக் கஞ்சிகூடச் சரியாக இறங்கவில்லை என்றாள் மகள். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். "ஐயா, நான் திருடுனேன்னு அந்தக் காயிதத்துல எழுதியிருக்குதா?" என்று கேட்டாள். இல்லை, நான்தான் உன் பேரில் பொய் எழுதியிருக்கிறேன் என்றேன். "அப்ப அத அவுங்ககிட்ட சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் கடலூர் வருமான வரி ஆபீசில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். இதைக் கொடுத்தால் பொய்க் கணக்குக்கு உடந்தை என்று உங்கள் மேலேயே வழக்கு வரும், தெரியுமா என்று இரண்டு தரம் கேட்டார். தெரியும் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே முதலாளி என்னை வெளியே அனுப்பிவிட்டார், எல்லாம் கணக்குப்பிள்ளை செய்த வேலை என்று வக்கீல் வைத்துச் சொல்கிறார். இந்த மாதம் ஆறாம் தேதி ஜப்தி ரத்தாகி உத்தரவு வந்தது. ஆபீசில் ஒரு நகல் வாங்கிக்கொண்டு அன்றைக்கே சிதம்பரம் ஓடினேன். இருசம்மாள் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே இறந்துபோயிருந்தாள். செல்லாயி அழவுமில்லை, என்னை உட்காரச் சொல்லவுமில்லை. உத்தரவை முழுக்கப் படிக்கச் சொன்னாள். இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அம்மா பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள், காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இனிமேல் இங்கே வராதீர்கள் என்றாள். வந்துவிட்டேன்.

டிசம்பரில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வக்கீலுக்கென்று நீ பணம் அனுப்ப வேண்டாம், நான் வக்கீல் வைத்துக்கொள்ளப் போவதில்லை. உன் ஆஸ்பத்திரியில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஆபரேஷனுக்குக் கைநாட்டு வாங்குவீர்கள் அல்லவா, எத்தனை அவசரமானாலும் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாங்கு. அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேச்சுத்தான் குறைந்துவிட்டது, அவளுக்குத் தனியாக ஒரு கார்டு போடு. இன்னொன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். பாண்டிச்சேரி மாப்பிள்ளை வீட்டாருக்கு நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் போன மாதமே எழுதிவிட்டேன். உன்னைக் கேட்காமல் எழுதினேன், கேட்டிருந்தால் எழுதத் தைரியம் வந்திருக்காது. இன்னும் அவர்களிடமிருந்து பதில் இல்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

ஆண்டவர் உன் கூடவே இருந்து உன்னைக் காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடு. என்மேல் கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அப்பா
தேவசகாயம்