மேம்படுத்தப்பட்ட வீடு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பல் துலக்கப் போனால் குளியலறை விளக்கு எரியவில்லை. அறையிலிருந்து தம்பியின் குரல் மட்டும் கேட்கிறது. "விளக்கு போடு. விளக்கு போடு." என்னிடம் சொல்லவில்லை, வீட்டிடம் சொல்கிறான். வீடும் மரியாதையாகப் பதில் சொல்கிறது: "மன்னிக்கவும், அந்தப் பெயரில் சாதனம் எதுவும் இல்லை."

நாங்கள் தூங்கும்போது, அவன் சொல்வதைக் கேட்டு வீட்டை இயக்கும் பெட்டியில் புது மென்பொருள் ஏறியிருக்கிறது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. விளக்குக்கும் விசிறிக்கும் கதவுக்கும் திரைச்சீலைக்கும் கட்டிலுக்கும் தம்பி ஆசையாக வைத்த பெயரெல்லாம் போய்விட்டது. சாதனம் ஒன்று, சாதனம் இரண்டு என்று ஜெயில் கைதிகள் மாதிரி வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றாக எரித்து அணைத்து, எது எது என்று கண்டுபிடித்து, மறுபடி பெயர் வைத்தேன். அவன் படுத்தபடி அதிகாரம் செய்தான். சும்மாவா அவனைத் துரை என்று கூப்பிடுகிறோம்?

கைபேசியில் கம்பெனியின் செய்தி: "உங்கள் வீடு இப்போது இன்னும் சிறப்பாக இருக்கிறது!" ஆச்சரியக்குறி வேறு. கண்றாவி.

மார்ச் 4, புதன்

நேற்று தாமதமாகப் போனதற்கு, நான் பல் செட் செய்யும் லேப் முதலாளியம்மா இன்று விசாரித்தார்.

"தம்பிக்கு உடம்பு முடியலையா?"

"தம்பி நல்லாத்தான் இருக்கான். வீட்டுக்குத்தான் உடம்பு முடியல."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்துக்குக் கீழே தசையெல்லாம் தளர்ந்துபோன ஒருவனுக்குக் கை, கால் எல்லாம் அந்த வீடுதான். கையும் காலும் ஒரு நாள் காலையில் எழுந்து "நீ யார்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

மார்ச் 9, திங்கள்

இன்னொரு மேம்பாடு. இது அதைவிடக் கேவலம்.

அவன் பேசுவது இப்போது பெட்டிக்குப் புரியவில்லை. "கதவைத் திற" என்றான். "உங்களுக்குக் கவிதை பிடிக்குமா?" என்று கேட்டது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு "கட்டிலை இறக்கு" என்றான். "இரங்கல் செய்தி எழுத உதவட்டுமா?" என்றது. அதற்கும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில் அவன் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அதன்பிறகு அவனும் சிரிக்கவில்லை.

உதவி எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண், தேன் தடவின குரல்.

"அவங்களக் கொஞ்சம் தெளிவா, நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்லுங்க மேடம்."

"அவனுக்கு நாக்கே தளர்ந்துகிட்டு வருதும்மா. அதுக்கு ஏதாவது அப்டேட் இருந்தா அனுப்புங்க."

எதையோ தட்டும் சத்தம். அப்புறம், "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

பகலெல்லாம் ஊரார் ஈறுகளின் அச்சில் மெழுகு ஊற்றிப் பல் செட் செய்கிறவள் நான். யார் யார் வாயிலோ இருந்து வந்த அச்சு. எனக்கு அருவருப்பு அவ்வளவு சுலபமாக வராது. இன்று வந்தது.

மார்ச் 10, செவ்வாய்

கத்திக் கத்தித்தான் வேலை நடக்கிறது. விளக்கு என்று கத்தினால் சில சமயம் எரிகிறது. சில சமயம் வானிலை சொல்கிறது.

மார்ச் 12, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மதியம் ஒருவர் வந்து அவனுக்குச் சாப்பாடு ஊட்டி, உடம்பைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவார். மதியத்து அக்கா என்போம். அவருக்கு இவன்தான் கதவைத் திறப்பான். சாவி கொடுக்கலாம் என்று எத்தனை தரம் சொன்னேன். "நான் இருக்கும்போது சாவி எதுக்கு?" என்பான். அந்த ஒரு கதவையாவது தான் திறக்க வேண்டும் அவனுக்கு.

இன்று அவர் வந்து மணி அடித்திருக்கிறார். இவன் "கதவைத் திற" என்றிருக்கிறான். திறக்கவில்லை. மறுபடி, மறுபடி. வெளியே இருந்தவருக்கு உள்ளே அவன் கத்துவது கேட்கவில்லை. என் கைபேசிக்கு அடித்திருக்கிறார். அவசர வேலை, இரண்டு கையிலும் அச்சுக்குக் குழைத்த பிளாஸ்டர், கைபேசி டிராயருக்குள் ஊமையாகக் கிடந்தது. தினமும் வேலைக்கு நடுவே, கைபேசி வழியாக அவன் அறைக் கேமராவில் அவனை எட்டிப் பார்ப்பவள் நான். இன்றைக்குத்தான் பார்க்கவில்லை. அவனை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பேன் என்று நினைத்து அவர் திரும்பிவிட்டார்.

நான் வந்தபோது திரைச்சீலை முழுக்கத் திறந்து கிடந்தது. மத்தியான வெயில் முழுவதும் அவன் முகத்தில் அடித்திருக்கிறது. கட்டில் பாதி நிமிர்ந்த நிலையில் சிக்கி நிற்கிறது. உதடு வெடித்திருந்தது. படுக்கை நனைந்திருந்தது.

துடைத்தேன், மாற்றினேன், தண்ணீர் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டான். நான் "டேய்" என்றேன். திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி சொல்கிறது, "நீங்கள் ஓய்வெடுப்பது போல் தெரிகிறது. இதமான இசை போடட்டுமா?"

சீ. அதை என்ன செய்ய? அறைந்தால் அதற்கு வலிக்குமா?

மார்ச் 13, வெள்ளி

லேபுக்குப் போகவில்லை. காலையில் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

"குப்பையில போடப்போறேன் இத."

"போட்டுட்டு?" அவன் நேற்றிலிருந்து பேசிய முதல் வார்த்தை.

"சுவர்ல சுவிட்ச் இருக்கு. நான் இருக்கேன். மதியத்து அக்கா இருக்காங்க."

"நீங்க எல்லாரும் இருக்கீங்கக்கா. நான் எங்க இருக்கேன்?"

வயரைத் திரும்பச் செருகினேன். செருகும்போது கை கூசியது.

மார்ச் 15, ஞாயிறு

பழைய மென்பொருளின் நகல் அவன் கணினியில் இருக்கிறதாம். புதியதை அழித்துவிட்டு அதை ஏற்றலாம் என்றான். அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். காலையில் ஆரம்பித்தது, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

"சின்ன எழுத்துன்னு சொன்னேன்."

"எங்கடா சொன்ன?"

"நீ காதுல வாங்கினாத்தானே."

ஓரிடத்தில் ஒரு வார்த்தை சொன்னான். புரியவில்லை. திரும்பச் சொன்னான். அப்போதும் புரியவில்லை. மூன்றாவது தரம் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு. அவன் பேசப் பழகிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே புரியவில்லை. அவன் முகம் மாறியது. என் முகத்தில் எதைப் பார்த்தானோ.

"தெரியும்க்கா, மோசமாயிட்டு வருது" என்றான். "பழசு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எங்கூடவே பழகிச்சு. நான் கொஞ்சம் கொஞ்சமா மாறினேன், அதுவும் மாறிச்சு. புதுசு என் பேச்ச எங்கயோ இருக்கற கம்பெனிக்கு அனுப்பி, ஊர்ல எல்லாரும் எப்படிப் பேசறாங்கன்னு பார்க்குது. நான் ஊர்ல எல்லாரும் இல்லையே."

பழசை ஏற்றினாலும் இன்டர்நெட் இருந்தால் மறுபடி தானே புதியதாகிவிடுமாம். அதனால் பெட்டியிலிருந்து இன்டர்நெட் வயரை எடுத்துவிட வேண்டும். சரி, எடுத்தால் போச்சு என்றேன்.

"எடுத்தா நீ லேபுல இருந்து கேமரா பார்க்க முடியாது."

நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை மாதிரி இன்னொரு நாள் வந்தால்?

"ஆபத்துன்னா உனக்குப் போன் போடப் பெட்டிகிட்ட சொல்வேன். அது வேற லைன், இன்டர்நெட் இல்லாட்டியும் போகும். மதியத்து அக்காவுக்கு சாவி குடுத்துடு. நானே சொல்றேன்."

"அப்பவும்—"

"அக்கா, நீ எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கேமராவுல ஒரு சிவப்புப் புள்ளி எரியும். தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"மூக்கு அரிச்சாக்கூட முகத்தச் சுளிக்காம படுத்திருப்பேன். நீ பயந்துடுவேன்னு."

கோபம் வந்தது. "அதுக்கு அக்கறைன்னு பேருடா."

"தெரியும். அதனாலதான் இத்தன நாள் சொல்லல."

எத்தனை மத்தியானங்கள்! பிளாஸ்டர் காயும் நேரத்தில் பொழுதுபோகாமல் எட்டிப் பார்த்ததும் உண்டு. அதையும் அக்கறைக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தேன். கம்பெனிக்காரன் மேல் இருந்த அருவருப்பில் கொஞ்சம் என் பக்கம் திரும்பியது.

வயரை எடுத்தேன். பெட்டி அணைந்து எழுந்தது. "விளக்கு போடு" என்றான், கத்தாமல், சாதாரணமாக.

எரிந்தது. நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

பழக்கதோஷம், கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். இணைப்பு இல்லை. இணைப்பு இல்லை. இரண்டு பல் செட்டை உடைத்தேன். முதலாளியம்மா, "யார் மேல கோபம்?" என்றார். மதியத்து அக்காவுக்குப் போன் போட்டு, சாப்பிட்டானா என்று கேட்டேன். சாப்பிட்டானாம். சாவியை வெளியே எடுக்கவே விடவில்லையாம், அவனே திறந்தானாம்.

மார்ச் 24, செவ்வாய்

கம்பெனியிடமிருந்து செய்தி: "சில நாட்களாக உங்கள் வீட்டைக் காணவில்லை. நலமா?"

அடப் போங்கடா.

ஏப்ரல் 1, புதன்

பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வந்து பார்த்தார். பேச்சு போன பிறகு உதவும் என்று, அவன் இப்போது சொல்லும் வார்த்தைகளை எல்லாம் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார். எவ்வளவு நாள் தாங்கும் என்று வாசலில் வைத்துக் கேட்டேன். கையை விரித்தார். உள்ளே வந்தால் துரை, "என்ன ரகசியம்?" என்கிறான். ஒன்றுமில்லை என்றேன். "பொய் சொல்லும்போது உன் குரல் ஏறுதுக்கா. பெட்டியே கண்டுபிடிச்சுடும்" என்றான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

வேலை சீக்கிரம் முடிந்து வந்தேன். அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை. அதற்கும் மோட்டார் இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. உள்ளே மெல்லிய பேச்சு. பதிவு செய்கிறானா, யாரோடாவது போனில் பேசுகிறானா, தெரியவில்லை.

கைப்பிடியில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். தட்டினேன்.

"யாரு?"

"வேற யாரு வருவா? நான்தான்."

"கொஞ்சம் இரு."

என் வீட்டில், தோளில் பையோடு, வெளியே நிற்கிறேன். எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பையை இறக்கி வைத்துவிட்டுக் காபி போடப் போனேன்.

காபி ஆறுவதற்குள் கதவு தானாகத் திறந்தது. திரைச்சீலை அவனுக்குப் பிடித்த அளவுக்கு இறங்கியிருந்தது. என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"சர்க்கரை போதுமா பாரு" என்றேன்.